மூளையில் குருதி கசிந்தோரின் பின்னாள் நிலை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் எம்போன்றார் நோயைக் குறித்துப் பேச முன்வருதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடன். அதில் யாம் தலையிடோம். ஆயினும், மருத்துவர் நோயாளியோடு இருப்பது சில நாட்கள். வீட்டார் இருப்பதோ பல ஆண்டுகள். அப்பல ஆண்டுகளில் நேரக்கூடியவை இன்னின்ன என்று வீட்டார் தம் தாய்மொழியில் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அறியாக்கால், நோயாளி தம் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்த அன்றே, "கண்டம் கழிந்தது" என்று கோயிலில் அருச்சனை செய்துவிட்டு, மருத்துவரை அடியோடு மறந்துவிடுகிறோம். அருச்சனை செய்தல் தக்கதே; மறத்தல்தான் தகாது. அம்மறதி உயிர்க்கே கேடாய் முடியும் நோய் ஒன்றைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறோம்.

மூளையின் அடிப்பாகத்திலுள்ள பெருங்குழாய்கள் சிறிது சிறிதாகச் சுருங்குவதும், அச்சுருக்கத்தின் விளைவாகப் பின்னர் மூளையினுள்ளே குருதி கசிவதும் அந்நோயின் இயல்பு. 1957-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு மருத்துவர்களாகிய தாக்கெயுச்சி, ஷிமிஸு என்போர் இதனை முதன்முதல் எடுத்தெழுதினர். 1969-இல் ஸெண்டாய் நகரத்துத் தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸுஸுக்கி, தாக்காக்கு என்னும் இருவர் 'மோயாமோயா' என்னும் பெயரால் இதனை உலகறியச் செய்தனர். குழாய்களில் மருந்தேற்றி ஒளிப்படம் எடுத்தபோது, சுருங்கிய பெருங்குழாயின் அருகே மயிரிழை போன்ற எண்ணிறந்த சிறு குழாய்கள், சுருட்டுப் புகை காற்றிற் கலைவதுபோல் மங்கலாகத் தோன்றின. அத்தோற்றத்தை நோக்கி இட்ட பெயரே அது. நம் மொழியில் 'சலசல', 'மினுமினு' என்பனபோல அடுக்கி வந்து ஒரு தோற்றத்தைக் கண்முன் நிறுத்தும் சொற்கள் ஜப்பானிய மொழியிலும் மிகுதி. 'மோயாமோயா' அவற்றுள் ஒன்று. கொடிய நோயொன்றுக்கு இத்துணை மெல்லிய பெயர் வாய்த்தது புதுமையே.

இந்நோய் ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளில் மிகுதியாகவும், ஏனைய நாடுகளில் அருகியும் காணப்படுகிறது. நம் நாட்டிலும் இந்நோயாளர் உளர். ஜப்பானில் ஆண் ஒருவர்க்குப் பெண் இருவர் என்னும் அளவில் பெண்டிரையே இது பெரிதும் பற்றுகிறது. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறாரிடத்தும், நாற்பது வயதை ஒட்டியோரிடத்தும் மிக்குத் தோன்றுவது இதன் மற்றொரு வழக்கம். சிறாரிடத்தில் குருதி போதாமையால் கைகால் சோர்தலும் நாக்குழறுதலும் காணப்படும். பெரியோரிடத்திலோ குருதி கசிதலே பெரிதும் அஞ்சத்தக்கது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். "குழாய் சுருங்கினால் குருதி குறைதல் இயல்பு, பெருகிக் கசிதல் எங்ஙனம்?" என்பதே அது. உழவர் குடியிற் பிறந்தோர்க்கு விடை எளிது. பெருவாய்க்கால் தூர்ந்து குறுகினால் கடைமடை வயல் காயத்தான் செய்யும். ஆனால், தண்ணீர் வாளா இராது. வரப்பிலுள்ள நண்டு வளை, எலி வளை, பழைய கசிவுகள் ஆகியவற்றையெல்லாம் தேடிப் புகுந்து, அவற்றையே வாய்க்காலாக்கிக்கொண்டு செல்லும். பெருவாய்க்கால் தாங்கவேண்டிய நீரைச் சிறு வளைகள் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் வரப்பு உடைப்பெடுக்கும். மூளையில் நிகழ்வதும் இதுவே. பெருங்குழாய் அடைபட, மயிரிழைக் குழாய்கள் அதன் சுமையை ஏற்றுப் பருத்து மெலிந்து, ஒருநாள் வெடிக்கின்றன.

இவ்வுவமையை நெஞ்சில் இருத்திக்கொண்டால் இனிக் கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும். உடைப்பு ஒன்றை மண்ணிட்டு அடைத்துவிட்டோம், வரப்பின்மேல் நடந்து பார்க்கிறோம், எங்கும் நீரில்லை. ஆனால், பெருவாய்க்கால் தூர்ந்தபடியேதான் இருக்கிறது; நீர் வளைகளின் வழியாகவேதான் ஓடுகிறது. மீண்டும் உடைப்பெடுக்க எந்தத் தடையும் இல்லை. அடைத்த இடத்திலும் எடுக்கலாம், வேறோரிடத்திலும் எடுக்கலாம். மூளையில் கசிந்த குருதி வற்றுவதும், நோயாளி எழுந்து நடப்பதும், முதல் உடைப்பு அடைபட்டதற்கே சான்றாகும். நோய் தீர்ந்ததற்குச் சான்றாகா.

இதனை வெறும் உவமையால் மட்டும் கூறுகின்றோம் அல்லோம். கொபயாஷி என்னும் ஜப்பானிய மருத்துவரும் அவர்தம் துணைவரும், இங்ஙனம் குருதி கசிந்து, அறுவை மருத்துவம் செய்துகொள்ளாத 42 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவருள் 14 பேர்க்கு மீண்டும் குருதி கசிந்தது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் என்னும் வீதம். முதற் கசிவிற்குப்பின் நன்கு தேறியோர் நூற்றுக்கு 45 பேர். இரண்டாங் கசிவிற்குப்பின் அங்ஙனம் தேறியோர் 21 பேரே. முதற் கசிவில் இறந்தோர் நூற்றுக்கு 7 பேர் எனின், இரண்டாவதில் இறந்தோர் 28 பேருக்கு மேல். ஆகவே, முதற் கசிவைப் பிழைத்தவர் நற்பேறு உடையவர். அந்நற்பேற்றை இரண்டாம் முறையும் எதிர்நோக்கி வாளா இருத்தல் அறிவுடைமை அன்று.

"ஆண்டுக்கு 7 பேர்தானே!" என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். பள்ளிக்கூடத்து வாய்பாடு இங்கே உதவும். ஜப்பானில் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்றில், அறுவை செய்துகொள்ளாதார்க்கு ஆண்டு வீதம் நூற்றுக்கு 7.6 எனக் கண்டனர். நூறு பேரை வரிசையாக நிறுத்துவோம். முதலாண்டின் முடிவில் கசிவின்றி எஞ்சுவோர் 92 பேர், இரண்டாமாண்டில் 85, மூன்றாமாண்டில் 79, நான்காமாண்டில் 73, ஐந்தாமாண்டில் 67. மூவரில் ஒருவர் வீழ்ந்துவிட்டனர்! சிறு வட்டி நாளடைவில் முதலையே விழுங்குவது நம் குடும்பங்கள் அறியாததன்று. ஓராண்டு நலமாகக் கழிந்தது என்பது அடுத்த ஆண்டிற்கு உறுதிச்சீட்டு ஆகாது என்பதையும் இக்கணக்கு உணர்த்துகிறது.

இனி, இதற்கு மாற்று யாது என ஆராய்வோம். வாய்க்கால் உவமையே இதற்கும் வழிகாட்டும். தூர்ந்த வாய்க்காலைத் திறக்க இயலாதபோது, அருகிலுள்ள வேறொரு வாய்க்காலிலிருந்து புதுக்கால் வெட்டி நீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? மூளையின் வெளியே, நெற்றிப்பொட்டின் மேற்புறத்தில் தலைத்தோலுக்கு இரத்தம் ஊட்டும் குழாய் ஒன்று உண்டு. விரல் வைத்தால் துடிப்பு தெரியும். அதனைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் சாளரம் திறந்து, மூளையின் மேற்பரப்பிலுள்ள குழாயோடு நுண்ணோக்கியின் துணையால் மயிரினும் மெல்லிய நூல்கொண்டு தைத்து இணைக்கின்றனர். இவ்விணைப்பை 1967-இல் ஸூரிக் நகரில் யாசர்கில் என்னும் பெருமருத்துவர் முதன்முதல் செய்தார். 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் அதனை மோயாமோயா நோய்க்குப் பயன்படுத்தினர். புதுக்காலில் நீர் ஓடத் தொடங்கின், வளைகளின் சுமை குறையும். புகைபோன்ற சிறு குழாய்கள் பையப் பைய மறைவதும் உண்டு.

குருதி போதாமையால் வருந்துவோர்க்கு இவ்வறுவை நன்மை தரும் என்பதில் மருத்துவர்க்கு ஐயம் இருந்ததில்லை. குருதி கசிந்தோர்க்கும் நன்மை தருமா என்பதே நெடுநாள் தீராத வழக்காய் இருந்தது. அதனைத் தீர்க்க எண்ணி, கியோத்தோ பல்கலைக்கழகத்து மியாமொத்தோ முதலியோர் ஜப்பானிலுள்ள 22 மருத்துவ நிலையங்களை ஒன்றுசேர்த்து, 2001 முதல் 2008 வரை 80 நோயாளரைச் சேர்த்தனர். அனைவரும் முந்தைய ஓராண்டிற்குள் குருதி கசிந்தோர். அனைவரும் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் அளவிற்குத் தேறியோர். இதனை நன்கு கருதுக: பார்வைக்கு நலமுற்றோராய்த் தோன்றியவரே இவ்வெண்பதின்மரும். 42 பேர்க்கு மூளையின் இருபுறமும் இணைப்பு அறுவை செய்யப்பட்டது. 38 பேர்க்கு மருந்தும் கண்காணிப்பும் மட்டுமே. ஐந்தாண்டு கவனித்து, 2014-இல் முடிவு வெளியாயிற்று. மீள்கசிவு முதலிய பெருந்தீங்கு உற்றோர், அறுவை செய்துகொண்டாருள் 6 பேர்; செய்துகொள்ளாதாருள் 13 பேர். மீள்கசிவை மட்டும் எண்ணினால், முன்னவருள் 5 பேர். பின்னவருள் 12 பேர். ஆண்டு வீதம் நூற்றுக்கு 7.6 என்பது 2.7 ஆகக் குறைந்தது.

ஆயினும், நடுவு நிலைமையோடு இதனை நோக்குதல் வேண்டும். எண்பதின்மர் என்பது சிறு தொகை. கணித முறைப்படி இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்று கொள்ளுதற்குரிய எல்லையை மயிரிழையளவிலேயே தாண்டிற்று என்பதை அவ்வாராய்ச்சியாளரே ஒளியாது கூறினர். அறுவைக்கும் தன் ஆபத்து உண்டு. வறண்ட நிலத்தில் திடீரென நீர் பாய்ந்தாற்போல், இணைப்பிற்குப் பின் சில நாட்கள் மூளை தடுமாறிப் பேச்சுக் குழறுதலும் கைகால் சோர்தலும் நேர்தல் உண்டு. ஆதலின், கசிந்தோர் எல்லோரும் உடனே அறுவை செய்துகொள்க என்று கூறுதல் எம் கருத்தன்று.

யார்க்கு மிகுந்த பயன் என்பதைப் பற்றியும் அதே ஆராய்ச்சி ஒளி காட்டுகிறது. கசிவு மூளையின் முற்பகுதியில் நேர்ந்ததா, பிற்பகுதியில் நேர்ந்ததா என்று தொடக்கத்திலேயே பிரித்து வைத்திருந்தனர். 2016-இல் வெளியான அப்பகுப்பின்படி, அறுவை செய்துகொள்ளாதாருள் பிற்பகுதியில் கசிந்தோர்க்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 17 பேர்க்குப் பெருந்தீங்கு நேர்ந்தது. முற்பகுதியில் கசிந்தோர்க்கு நூற்றுக்கு 3 பேரே. அறுவையின் நன்மையும் பிற்பகுதியாரிடத்திலேயே தெளிவாக விளங்கிற்று. முற்பகுதியாரிடத்தில் அங்ஙனம் விளங்கவில்லை. ஆகவே, ஒரே பெயருடைய நோயாயினும் இருவர்க்கு இருவேறு எதிர்காலம் உண்டு. மருத்துவரிடம் வீட்டார் கேட்கவேண்டிய முதல் வினா, "பிழைப்பாரா?" என்பதன்று, "கசிந்த இடம் யாது? மீண்டும் கசியாதிருக்கச் செய்யத்தக்கது யாது?" என்பதே. இவ்வினாவை நோயாளி தேறிவரும் முதல் மாதங்களிலேயே கேட்டல் வேண்டும்.

அன்பர்களே! பின்னாள் நிலை என்பது மீள்கசிவு ஒன்றோடு முடிவதன்று. கை வழங்காமை, நடை தளர்தல், பேச்சுத் தடை ஆகியன கண்ணுக்குத் தெரியும், அவற்றிற்கு இரங்குகிறோம், உடற்பயிற்சியாலும் பேச்சுப் பயிற்சியாலும் அவை நாளடைவில் ஓரளவு சீர்ப்படுதலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறையொன்று இருக்கிறது. நடையும் பேச்சும் செவ்வனே இருக்க, கவனம் ஒன்றிலும் நிலைக்காது. இரு வேலைகளை ஒருங்கே செய்ய இயலாது. சற்று முன்பு சொன்னது மறக்கும். விரைவில் களைப்பும் சினமும் தோன்றும். கணக்குப்பிள்ளை கூட்டற் கணக்கில் தடுமாறுவார். சமையலில் வல்ல தாய் அடுப்பில் வைத்ததை மறப்பார். வீட்டாரோ, "உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது! சோம்பல்; பிடிவாதம்" என்று பழிப்பர். இது சோம்பலன்று; குருதி குன்றியும் கசிந்தும் மூளை அடைந்த ஊறு. ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கெனத் தனித்தேர்வுகள் வைத்து அளக்கின்றனர். இதனை அறியாத இல்லங்களில் நோயினும் சொல்லே நோயாளியை மிகுதியாக வருத்தும்.

மற்றொன்று, நம்போன்ற சங்கத்தார் சிறப்பாக எண்ணத்தக்கது. ஜப்பானில் இந்நோயாளருள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர்க்குக் குடும்பத்தில் பிறர்க்கும் அந்நோய் உண்டு. 2011-இல் கியோத்தோ, தொஹொக்கு பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இரு குழுவினர், ஆர்.என்.எஃப். 213 என்னும் மரபுக்கூறு ஒன்றில் உள்ள மாறுபாடு இந்நோய்க்கு இடங்கொடுப்பதைக் கண்டறிந்தனர். இதைக் கேட்டவுடன், "குடும்பத்து நோய் என்று ஊரார் அறிந்தால் பெண்ணுக்கு வரன் வாராதே!" என்று அஞ்சி மூடிவைக்க எண்ணுவோர் உண்டு. அவர்கள் முழுமையும் கேட்டல் வேண்டும். அம்மாறுபாட்டைத் தாங்கியோர் ஜப்பானிய மக்களுள் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்னும் அளவில் இருக்கின்றனர். அவருள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வாழ்நாள் முழுதும் வருவதில்லை. விதை இருப்பதனாலேயே மரம் முளைத்துவிடுவதில்லை. ஆகவே இது குலத்திற்கு மாசும் அன்று. திருமணத்திற்குத் தடையும் அன்று.

மூடிவைப்பதால் விளையும் கேடோ பெரிது. சூடான உணவை ஊதி உண்ணும்போதும், தேம்பி அழும்போதும் சிறுவன் ஒருவனுக்குக் கை சோர்ந்து மீண்டால், அவன் அத்தைக்கு மோயாமோயா உண்டு என்று அறிந்த வீட்டார் அன்றே மருத்துவரை நாடுவர். அறியாத வீட்டார் கண்ணேறு கழிப்பர். நோயை மறைத்து மணமுடித்த பெண், கருவுற்ற காலத்தில் தன் நோயை மருத்துவரிடமும் சொல்ல அஞ்சுவாள். மகப்பேற்றின்போது இரத்த அழுத்தத்தை மிகக் கவனமாகக் காக்கவேண்டிய நோய் இது. முன்னரே அறிந்து, தேர்ந்த மருத்துவர் மேற்பார்வையில் இருந்தோர் நலமாய் மக்களைப் பெற்றுள்ளனர். மறைத்தால் நெருக்கடியான நேரத்தில் மருத்துவர்க்கே செய்தி தெரியாது போகும்.

வீட்டார் செய்யத்தக்கனவற்றைச் சுருங்கக் கூறுவோம். நோயாளியின் இரத்த அழுத்தத்தை ஒழுங்காக அளந்து குறித்து வருக. புகைபிடித்தலை அறவே விலக்குக. குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகள், குருதி போதாத நோயாளர் சிலர்க்கு ஏற்றன, கசிந்தோர்க்கோ தீங்காகலாம். ஆதலின், பக்கத்து வீட்டார் சொல் கேட்டோ, பழைய சீட்டைக் கொண்டோ அவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். தலை வெடிப்பதுபோன்ற திடீர் வலி, வாந்தி, மயக்கம், ஒருபக்கத்துக் கைகால் விழுதல், வாய் கோணுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. எம்.ஆர்.ஐ. படங்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் இட்டு, வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த இடத்தில் வைத்திருக்க. நோயாளி நலமாக இருக்கும் ஆண்டுகளிலும் குறித்த நாளில் மருத்துவரிடம் காட்டி வருக. நலமாக இருக்கிறார் என்பது போகாமைக்குக் காரணம் ஆகாது.

ஜப்பான் அரசினர் 1977-இல் இந்நோய்க்கெனத் தனி ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தனர்; தீர்த்தற்கரிய நோய்களின் வரிசையில் இதனையும் சேர்த்து, மருத்துவச் செலவிற்குப் பொருளுதவி செய்கின்றனர். நோயாளரும் குடும்பத்தாரும் தமக்குள் சேர்ந்து ஒரு சங்கமும் கண்டுள்ளனர். ஒருவர் பட்டறிந்ததை மற்றவர்க்கு உரைத்தலும், சோர்ந்தவரைத் தேற்றுதலும் அத்தகைய சங்கங்களின் பணி. நமது சங்கம் நோயாளர் சங்கம் அன்று. ஆயினும், திருமணத்திற்கும் துக்கத்திற்கும் ஒருவர் வீட்டிற்கு மற்றவர் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்றும் மாறவில்லை. நோயுற்று மீண்டோர் இல்லத்திற்கு முதல் வாரத்தில் பழக்கூடையோடு கூட்டமாகச் செல்கிறோம். மூன்றாம் மாதத்தில் ஒருவரும் செல்வதில்லை. மருத்துவரிடம் மறுமுறை அழைத்துச் செல்லத் துணையின்றி வீட்டுப் பெண்டிர் தவிப்பது அம்மூன்றாம் மாதத்திலேதான். அழைத்துச் செல்லவும், மருத்துவர் கூறியதை எழுதிக்கொள்ளவும், ஆண்டுதோறும் நாளை நினைவூட்டவும் ஊருக்கு இரண்டு இளைஞர் முன்வருவாராயின், அது பெரும்பொருள் செலவின்றிச் செய்யக்கூடிய பேருதவியாகும். அத்தகைய இளைஞர் தம் பெயரை இன்றே செயலாளரிடம் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.